அனுமதி தருபவர் வசந்தன்

மலேசியாவில் புலாவ் செபாங் செம்பனை ஆலை ஆபீசில் ஒரு நாள் லீவுக்குத் தாளைத் தூக்கிக்கொண்டு அலைகிற கூத்தை ஒழித்தவள் பவானேஸ்வரிதான். ஐடி ஆள் எவனும் வந்து கிழிக்கவில்லை. ஆயர் குரோவில் ஷரோன் என்ற பெண் நடத்திய வகுப்புக்குப் போய்வந்து, கணக்கு எழுதும் கிராணி வேலைக்கு நடுவே கைப்பேசிச் செயலி ஒன்றைத் தானே செய்தாள். காரணத்தைத் தொட்டால் போதும், அனுமதி தருகிற சூப்பர்வைசருக்கு விண்ணப்பம் போய்விடும்.

காரணங்களில் கருமாதியையும் சேர்த்திருந்தாள். அதுதான் சூப்பர்வைசர் வசந்தனுக்குப் பொறுக்கவில்லை. அவனும் தமிழன்தான், ஆனால் மலாய்க்கார மேனேஜர் முன்னால் அதைக் காட்டிக்கொள்ளக் கூசுகிற பிறவி. சாவுக்குக் கம்பெனி மூன்று நாள் தருகிறதே, பதினாறெல்லாம் வீட்டோடு வைத்துக்கொள் என்று எல்லார் முன்னாலும் சொல்லி அந்தக் காரணத்தை எடுக்க வைத்தான். அதோடு விட்டானா? பொறுப்பாளன் நான்தான் என்று செயலியின் முழு உரிமையையும் தன் பேருக்கு மாற்றி வாங்கி, 'அனுமதி தருபவர் வசந்தன்' என்று மேலேயே போட்டுக்கொண்டான். ஆக்கினவள் ஒருத்தி, சட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் இன்னொருத்தன். அதன்பிறகு அதில் ஓர் எழுத்தை மாற்றவும் அவளால் முடியாது.

அடுத்த மாதமே அவள் அப்பா இறந்துபோனார். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. கொள்ளி வைத்ததும் அவள்தான், கருமாதிக்கு உட்கார வேண்டியதும் அவள்தான். பதினாறாம் நாளோ வேலை நாள். ஆண்டு லீவு முழுக்க ஆஸ்பத்திரிக்கு அலைந்ததிலேயே தீர்ந்திருந்தது. வசந்தனிடம் போய் நின்றாள்.

"அண்ணே, சம்பளத்துல வெட்டிக்குங்க. அன்னிக்கு ஒரு நாள் மட்டும்."

"சிஸ்டத்துல அந்தக் காரணமே இல்லலா. நான் என்னா பண்ண?"

அடப்பாவி! இழவு வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போனவன் பேசுகிற பேச்சா இது? பவானேஸ்வரி அழவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து புதிதாக இன்னொரு செயலியைச் செய்ய ஆரம்பித்தாள். ஒன்றைச் செய்த கைக்கு இரண்டாவது பெரிய காரியமில்லை. கருமாதியை முதல் காரணமாகப் போட்டாள். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியிடம் இதுவரை எவரும் போய்க் கேட்கவே இல்லை. லீவு விண்ணப்பங்கள் வசந்தன் கையில் வாரக்கணக்கில் தூங்குவதில் மேனேஜருக்கே எரிச்சல். கருமாதி என்றால் என்னவென்று மலாயில் விவரமாகக் கேட்டுக்கொண்டார். இனி எல்லாம் நேராக எனக்கே வரட்டும் என்று சொல்லி, அவள் லீவுக்கு அங்கேயே அனுமதி தட்டினார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஆபீஸ் முழுக்கப் புதுச் செயலிக்கு மாறிவிட்டது. வசந்தனும் வேறு வழியில்லாமல் திறந்தான். மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடிவிட்டு, முகம் கறுக்க அவள் மேசைக்கு வந்தான்.

"என் பேரு எங்க?"

"இருக்குண்ணே. லீவு கேக்கறவங்க லிஸ்டுல பாருங்க."