முறைக்காரியின் அஞ்சல் பெட்டி

19 நவம்பர் 2025, புதன். இன்று ஒரு சிறிய பிழை செய்தேன். யாரையும் கேட்காமல் வகுப்பின் அஞ்சல் பெட்டியைச் சுத்தம் செய்யத் தொடங்கினேன்.

எழுதி முடித்து, ரோகிணி 'சிறிய' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆத்தங்குடிப் பேருந்து பள்ளத்தில் இறங்கி ஏறியது. எழுத்து ஏற்கெனவே கோணலாகத்தான் விழுந்திருந்தது. அந்தச் சொல்லை அடிக்கலாமா, விடலாமா? அவளுக்குத் தெரியவில்லை. வெளியே தூறல் விடவில்லை.

காரைக்குடியில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் அந்த மாலை வகுப்பு நடக்கிறது. சர்வர் பராமரிப்புச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ரோகிணி பகலில் ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையின் ஆபீசில் வேலை பார்க்கிறாள். ஐந்தரை மணிக்குப் பேருந்து ஏறினால் ஆறரைக்குள் வகுப்புக்கு வந்துவிடலாம். நடத்துகிற சத்தியமூர்த்தி முதல் நாளே எல்லாருடைய மவுசையும் பிடுங்கி ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டார்.

"சர்வர் மெட்ராஸ்ல கெடந்தாலும் மலேசியாவுல கெடந்தாலும் நமக்கு வாய்க்கிறது இந்தக் கறுப்புத் திரைதான். மவுஸ உருட்டிக்கிட்டு அங்குட்டுப் போக முடியாது. எழுத்தாலதான் போகணும்" என்றார்.

மின்னஞ்சல் பார்ப்பதும் அந்தக் கறுப்புத் திரையில்தான். படமில்லை, பொத்தானில்லை. கடிதங்கள் வரிவரியாக நிற்கும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. m அழுத்தினால் புதுக் கடிதம், r அழுத்தினால் பதில், d அழுத்தினால் அந்த வரிக்கு நீக்கக் குறி. எழுத்தைத் தொட்ட மாத்திரத்தில் வேலை நடந்துவிடும். 'செய்யட்டுமா' என்று கேட்கிற பழக்கமெல்லாம் அதற்குக் குறைவு. ரோகிணி முதல் வாரம் முழுக்க ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை பார்த்துத்தான் அழுத்தினாள். அதனால்தான் நோட்டுப் போட்டாள். அன்றன்று அழுத்திய எழுத்து என்ன, அதனால் நடந்தது என்ன, தான் நினைத்தது என்ன என்று வரிசையாக எழுதிவைப்பாள். மூன்றாவது பத்திதான் எப்போதும் நீளமாக இருக்கும்.

வகுப்புக்கென்று பொதுவாக ஒரு அஞ்சல் பெட்டி உண்டு. தினமும் மாணவர்கள் அன்றைக்குச் சந்தித்த கோளாறையும் அதைச் சரிசெய்த விதத்தையும் எழுதி அதற்கு அனுப்ப வேண்டும். பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வாரம் ஒருவருக்கு, வியாழன் தொடங்கிப் புதன் வரை. சத்தியமூர்த்தி அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் வைத்திருந்தார். பிள்ளைகள் வாயில் அது 'முறை' ஆகிவிட்டது.

முறை என்றால் ரோகிணிக்குத் தெரியாதா என்ன? அவள் அப்பா முத்துக்கருப்பன் வீட்டுக்குக் கண்மாய்த் தண்ணீரில் முறை உண்டு. தண்ணீர் குறைகிற காலத்தில் யாருக்கு எந்த நாள் என்று ஊரில் பேசிவைத்திருப்பார்கள். தன் முறை முடிந்து அடுத்தவனிடம் விடும்போது வாய்க்காலில் செத்தை கிடக்கக் கூடாது. ஒரு கோரைக் கட்டை அடைத்துக்கொண்டு கிடந்தாலும் டீக்கடை வரை பேச்சாகிவிடும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வாய்க்காலை வழித்துவிட்டு வந்தால்தான் அவள் வீட்டில் முறை முடிந்ததாகக் கணக்கு.

இன்று ரோகிணியின் முறை முடிகிற நாள். நாளை வீரபாண்டியனின் முறை. வகுப்பு முடிந்து கிளம்பும்போது அவன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

"ஏ ரோகிணி, போன தடவ நம்ம சிட்டாள்கிட்டருந்து முறை வாங்கும்போது பெட்டி குப்பமேடு மாதிரி கெடந்துச்சு. ஒங்கிட்ட வாங்கும்போதாவது கண்ணாடி மாதிரி இருக்குமா?"

"இருக்கும்ண்ணே."

"இருக்கும்ங்கிற. நோட்டுல எழுதி வச்சுக்க, மறந்துறப் போற."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வீரபாண்டியனும் சிரித்துக்கொண்டே குடையை விரித்து இறங்கிப் போனான். ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சத்தியமூர்த்தி ஏதோ கல்யாண வரவேற்புக்கென்று முன்னமே போயிருந்தார். ரோகிணி உட்கார்ந்து பெட்டியை வழிக்கத் தொடங்கினாள்.

முதலில் விளம்பரக் கடிதங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, பார்த்து, d அழுத்தினாள். வரியின் தலையில் D என்ற குறி விழுந்தது. முக்கால் மணி நேரம் அதற்கே போனது. அப்புறம் கீழே பார்த்தால், ஆகஸ்டிலிருந்து குவிந்து கிடக்கும் பழைய கடிதங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் பொங்கல் வந்துவிடும். பெரிய D-யை அழுத்தினால் எப்படிப்பட்ட கடிதங்கள் என்று ஒரு குறிப்புக் கேட்கும். அதற்குப் பொருந்துகிற எல்லாவற்றுக்கும் ஒரே அடியில் நீக்கக் குறி விழும். ஒரு மாதத்துக்கு முந்தைய கடிதங்கள் என்று கொடுத்தாள். திரையின் இடது ஓரம் மேலிருந்து கீழ்வரை D, D, D என்று நின்றது. நாற்று நட்ட வரிசை மாதிரி அழகாகத்தான் இருந்தது. இனி q அழுத்தி வெளியேற வேண்டியதுதான். 'குறியிட்டவற்றை ஒழித்துவிடவா' என்று ஒரு தடவை கேட்கும். y என்றால் பெட்டி கண்ணாடி.

விரலை q மேல் வைத்திருந்தபோது மாடிப்படியில் ஈரச் செருப்புச் சத்தம் கேட்டது.

கீழச்சிவல்பட்டி பாண்டீஸ்வரி. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். காலையில் வயல் வேலை, மாலையில் வகுப்பு. முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"பஸ்ஸு திருப்பத்தூர்லயே நின்னுபோச்சுடி. வகுப்பு முடிஞ்சுருச்சா?"

"முடிஞ்சுருச்சுக்கா. இந்த மழையில எதுக்கு வந்தீக?"

"வராம? மதுரைக் கம்பெனிலருந்து போன் வந்துச்சு. படிச்ச சர்ட்டிபிகேட் வேணாமாம். இதுவரைக்கும் என்னென்ன கோளாறு பாத்தீக, அந்த ரிப்போட்டெல்லாம் அப்படியே அனுப்புங்க, நாளைக்கு ராத்திரிக்குள்ளங்கிறாக. வீட்டுலயிருந்தே பாக்குற வேலைடி, ரோகிணி. சர்வரு அங்கன இருக்கும், நா இங்கன இருப்பேன். எம்புட்டு நாளாக் காத்துக் கெடந்தேன்!"

ரோகிணி q-விலிருந்து விரலை எடுத்தாள்.

"ஆகஸ்டுலயிருந்து தெனமும் எழுதிப் போட்டேன்ல? எல்லாம் இந்தப் பொதுப் பெட்டியிலதான இருக்கு? எங்கிட்ட ஒரு நகலும் இல்ல." அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். "இது என்னடி, எல்லாத்துக்கும் மீச வச்சுருக்க?"

"அக்கா" என்றாள் ரோகிணி. மறுபடி சொன்னாள். "அக்கா, நான் எல்லாத்தையும் நீக்கச் சொல்லிட்டேன்."

பாண்டீஸ்வரி நிமிர்ந்தாள்.

"போயிருச்சா?"

"தெரியலக்கா. வரியெல்லாம் தெரியுது. ஆனா வெளிய போனா ஒழிச்சுரும். q அழுத்தணும், y சொல்லணும். அப்படித்தான் எழுதி வச்சுருக்கேன்." நோட்டைத் திறந்து காட்டினாள். அவள் எழுதியிருந்தது அவ்வளவுதான். வெளியே போவதற்கு வேறு வழி உண்டா என்று அன்றைக்கு அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

"எதுக்குடி அழிச்ச?"

"முறை முடியுதுல்லக்கா. வாய்க்கால வழிச்சுட்டுத்தான விடணும்."

பாண்டீஸ்வரிக்குக் கோபம் வந்தது; கூடவே சிரிப்பும் வந்துவிட்டது. "எங்க ஊருலயுந்தான் வாய்க்கா வழிப்பாக. யாரு வயலு இன்னும் தண்ணி குடிக்குதுன்னு ஒரு நட நடந்து பாத்துட்டுத்தான் மண்வெட்டியப் போடுவாக. நீ வயலோட சேத்து வழிச்சுட்டியே, மகராசி!"

ரோகிணிக்குக் கண் கலங்கியது. இந்த நேரம் பார்த்துக் காவல்காரர் மெய்யநாதன் படியேறி வந்தார்.

"தாயி, மழ வலுக்குது. மெயினை ஆப் பண்ணணும்."

"அண்ணே, கொஞ்சம் பொறுங்கண்ணே."

"நானாப் பொறுக்குறது? கீழ சைக்கிள் கடைக்குள்ள தண்ணி வருது. வயரெல்லாம் தரையில கெடக்கு. ஒரு பீடி குடிக்கிற நேரம் தாரேன்."

சத்தியமூர்த்திக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மேளச் சத்தத்தில் கேட்டிருக்காது.

"எம் பேருல இருக்கிறத மட்டும் மீட்டுக் குடுத்துரு, போதும். மிச்சம் போனாப் போகுது" என்றாள் பாண்டீஸ்வரி.

அதற்கு வழி இருந்தது. பெரிய U அழுத்திப் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயரில் வந்த கடிதங்களின் குறி மட்டும் போகும். மற்றதை ஒழித்துவிட்டு q வழியே வெளியேறலாம். வாய்க்காலும் சுத்தமாக இருக்கும். வீரபாண்டியனும் வாயைத் திறக்க மாட்டான். ரோகிணியின் விரல் U பக்கம் போனது. பாதியில் நின்றது.

"அக்கா, மொத மாசம் ஒங்களுக்கு லாகின் வரலல்ல?"

"வரல. எல்லாரும் ஒரே லாகின்லதான போட்டோம், 'பயிற்சி'ன்னு."

"அப்ப ஆகஸ்டு ரிப்போட்டெல்லாம் ஒங்க பேருல இருக்காது. பேர வச்சு மீட்டா அது விட்டுப்போகும். அது மட்டுமில்லக்கா, மத்தவுகளோடதும் இதுக்குள்ளதான் கெடக்கு. சிட்டாள் அக்காவோடது, வீரபாண்டியண்ணனோடது. நான் ஒருத்தரையும் கேக்கல."

பாண்டீஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி. அப்ப வேற வாசல் இருக்கான்னு பாரு. ஒத்த வாசலோட எவனும் வீடு கட்ட மாட்டான்."

கேள்விக்குறி அழுத்தினால் கட்டளைப் பட்டியல் வரும். அது முதல் நாள் பாடம். பதற்றத்தில் இருவருக்கும் மறந்து போயிருந்தது. ரோகிணி அழுத்தினாள். எழுத்துகள் பொலபொலவென்று இறங்கின. பாண்டீஸ்வரி வரிமேல் விரலை வைத்து இழுத்துக்கொண்டே வந்தாள். q-க்கு எதிரே, மாற்றங்களைச் சேமித்து வெளியேறுவது. கொஞ்சம் தள்ளி x. அதற்கு எதிரே, சேமிக்காமல் வெளியேறுவது.

"இந்தா இருக்குடி! அழுத்து."

"இருங்கக்கா."

"இன்னும் என்ன இருக்கு?"

"சேமிக்காமன்னு போட்டுருக்கு. எதைச் சேமிக்காம? குறியவா, கடிதத்தையா? எனக்குச் சரியாப் புரியல. என் பெட்டியில முதல்ல பாத்துக்கிறேன்."

"மெய்யண்ணன் பீடி முடியப்போகுது!"

"முடியட்டும்க்கா."

அந்தப் பதில் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே வியப்பாக இருந்தது. பக்கத்துக் கணினியில் தன் சொந்தப் பெட்டியைத் திறந்தாள். தனக்குத்தானே அனுப்பிய இரண்டு பயிற்சிக் கடிதங்கள் அதில் இருந்தன. ஒன்றுக்குக் குறியிட்டாள். x அழுத்தினாள். மறுபடி திறந்தாள். இரண்டும் இருந்தன. குறியைக் காணோம். மறுபடி குறியிட்டு, q அழுத்தி, y சொன்னாள். திறந்தாள். ஒன்றுதான் இருந்தது.

"பாத்தீகளாக்கா?"

"பாத்தேன், பாத்தேன். இப்ப அழுத்துறியா, நா அழுத்தவா?"

"நானே அழுத்துறேன். ஆனா ஒண்ணுக்கா, முக்கால் மணி நேரம் பொறுக்குன விளம்பரமெல்லாம் திரும்பி வந்துரும். வீரபாண்டியண்ணன் நாளைக்கு வந்து ஊரைக் கூட்டுவாரு."

"கூட்டட்டும். முழிச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு நானும் கூட வாரேன்."

ரோகிணி பொதுப் பெட்டிக்குத் திரும்பினாள். பட்டியலை மூடினாள். D வரிசை அப்படியே நின்றது. x அழுத்தினாள். திரை ஒரு கேள்வியும் கேட்காமல் வெறுமையானது. மறுபடி திறந்தாள்.

வரிகள் இறங்கின. இடது ஓரத்தில் ஒரு D-கூட இல்லை. சற்று முன் திறந்து படித்த கடிதங்கள்கூட இன்றைக்குத்தான் வந்தவை போல 'புதிது' என்ற குறியோடு நின்றன. விளம்பரங்கள் அத்தனையும் கூட்டம் கூட்டமாகத் திரும்பியிருந்தன. பாண்டீஸ்வரி திரையில் வரிவரியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தாள். ஆகஸ்டு வந்ததும் நிறுத்தி, 'பயிற்சி' என்ற பேரில் இருந்த ஒரு கடிதத்தைத் திறந்தாள்.

"இது நா எழுதுனதுதான். பிரிண்டர் பேப்பரத் தின்னுச்சுன்னு ஆரம்பிக்கும். பாரு."

பிரிண்டர் பேப்பரைத் தின்றது என்றுதான் ஆரம்பித்திருந்தது. இருவரும் சத்தமாகச் சிரித்தார்கள். அந்த நேரம் விளக்கு அணைந்தது.

"பீடி முடிஞ்சு போச்சு தாயி!" என்று கீழிருந்து மெய்யநாதன் கத்தினார்.

போன் வெளிச்சத்தில் படியிறங்கினார்கள். பேருந்து நிலையத்தில் பிரியும்போது பாண்டீஸ்வரி அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "நாளைக்கு நீயும் எங்கூட ஒக்காரணும். எது என்னுது, எது அடுத்தவுகளுதுன்னு 'பயிற்சி'யில பிரிக்க ஒங் கண்ணு வேணும். வரட்டுமா?"

"போயிட்டு வாங்கக்கா."

இப்போது பேருந்து ஊர் விளக்குகளை நெருங்கிவிட்டது. ரோகிணி நோட்டை முழங்காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். 'சிறிய' என்ற சொல்லைக் குறுக்கே ஒரே கோட்டால் அடித்தாள். பெரிய என்று எழுதவும் மனமில்லை. 'ஒரு பிழை' என்பதே போதும் என்று விட்டாள். கீழே, x: குறிகளைச் சேமிக்காமல் வெளியேறும், கடிதங்கள் அப்படியே இருக்கும், சோதித்துப் பார்த்தேன் என்று எழுதினாள். மூன்றாவது பத்தியை இன்றைக்குக் காலியாக விட்டாள். பிறகு ஒரு வரி தள்ளி எழுதினாள்.

நாளைய வேலை: பெட்டி சுத்தமில்லாமல் கைமாறுகிறது என்று வீரபாண்டியன் அண்ணனிடம் நானே முதலில் சொல்வது. அவருடைய முறையில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குவது. ஆகஸ்டிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, பாண்டீஸ்வரி அக்காவின் அறிக்கைகளை மதுரைக்கு அனுப்புவது. d-யைத் தொடாமலிருப்பது.