பேண்டில் ஒட்டுப்புல்

தங்கச்சி பிளாஸ்டிக் பையைப் பிரித்துக் காட்டியபோது டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே ஒரு பிடி ஒட்டுப்புல் விதை.

"துவைக்கும்போதெல்லாம் இவரு பேண்டுலேர்ந்து பொறுக்குனதுண்ணே. அருவிப் பாறைல நிக்கிற ஆளுக்குப் பேண்ட் நனையணுமா வேணாமா? காஞ்சு போய் வருது. புதருக்குள்ள இவருக்கு என்ன ஜோலி?"

"ஒதுங்கப் போயிருப்பான்."

"போறப்பெல்லாமா? வீட்டுல இருக்கும்போது வயிறு நல்லாத்தானே இருக்கு?" அவள் பையை முடிச்சுப் போட்டாள். "அந்தப் பக்கம் ஒரு டீக்கடைக்காரி இருக்காளாமே. நீயே போய்ப் பாரு. ஏதாவது இருந்துச்சு, பெட்டியத் தூக்கிட்டு உன் வீட்டுக்கு வந்துடுவேன். அப்புறம் அந்த மூஞ்சில முழிக்க மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். 

காலையில் நகரத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்கோயில், அங்கிருந்து அருவி, இருட்டுவதற்குள் வீடு. டிரைவருக்கும் தங்கச்சி மாப்பிள்ளைக்கும் அதுதான் பிழைப்பு. வேன் டிரைவருடையது, வாய் மாப்பிள்ளையுடையது. ஏறியதிலிருந்து இறங்கும்வரை மைக்கைக் கீழே வைக்கமாட்டான் என்பதால் அவனுக்கு மைக் என்றே பெயர் விழுந்துவிட்டது.

மறுநாள் வண்டி மலையேறும்போது டிரைவரின் ஒரு கண் சாலையில், ஒரு கண் கண்ணாடியில்.

"இடப்பக்கம் பாத்தா பள்ளத்தாக்கு," என்றான் மைக். "வலப்பக்கம் பாத்தா நம்ம டிரைவரு. இந்த ரோடு அவருக்குத் தண்ணிபட்ட பாடு, கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவாரு!"

வண்டியே சிரித்தது. டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. இவனுக்கு எங்கேயிருந்து வருகிறது இத்தனை குஷி? சட்டை வேறு இஸ்திரி போட்டது. அருவிக்குப் போகிறவன் சட்டைக்கு எதற்கு இஸ்திரி?

கோயிலில் படியேறி முடித்து எல்லோரும் மூச்சு வாங்க, இவன் மட்டும் ஓரமாகக் குனிந்து எதையோ பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பார்த்ததும் டிரைவருக்குச் சுருக்கென்றது. என்ன பொறுக்குகிறான்? யாருக்கு?

அருவியில் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. வண்டி நிற்குமிடம் அருவிக்கு மேலே, ஓடையின் ஓரம். உச்சியில் மழை பெய்தால் முதலில் அங்கேதான் தண்ணீர் கலங்கும், சருகு சருகாக அடித்து வரும். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி டிரைவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நிறம் மாறினால் ஹாரனில் வைத்த கையை எடுக்கக் கூடாது. கீழே மைக் விசிலடித்து ஆட்களைக் கரையேற்றிவிடுவான். ஹாரனுக்கும் வெள்ளத்துக்கும் நடுவே ஒரு பீடி பிடிக்கும் நேரம்தான் இருக்கும். சாப்பிட்ட மயக்கத்தில் டிரைவருக்குக் கண் சொருகுவது உண்டு. ஆனால் குரங்குகள் விடாது. கூரையில் டொக்கு டொக்கென்று எதையாவது எறிந்து எழுப்பிவிடும். எத்தனையோ தடவை அதுகளை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறான்.

அன்றைக்கு அவன் தூங்கவில்லை. ஜன்னலோரம் சரிந்து தூங்குகிறவன் போலக் கிடந்தான். கீழே மைக், பெரியவர் ஒருவர் கழுத்தில் விசிலை மாட்டிவிட்டு, "ஹாரன் கேட்டா ஊதுங்க சார், யோசிக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் புதருக்குள் நுழைந்தான். பூனை நடை. அந்த ஒற்றையடிப் பாதை ஒரு பாறையைச் சுற்றி நேராக டீக்கடைக்குப் போவது.

மாட்டினான் பய என்று டிரைவரும் இறங்கிப் பின்னாலேயே போனான். தங்கச்சியின் பெட்டி கண்ணுக்குள் வந்து வந்து போனது. கையும் களவுமாகப் பிடித்தால் என்ன கேட்பது? முதல் அறை கன்னத்திலா, பிடரியிலா?

பாறைக்கு மேல் மைக் தனியாகக் குத்தவைத்திருந்தான். டீக்கடைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவன் பார்வை கீழே வண்டியிலும் ஓடையிலும் மாறி மாறி ஓடியது. பக்கத்தில் கூழாங்கல் குவியல். சட்டைப் பையிலிருந்தும் ஒரு கல்லை எடுத்து, குறி பார்த்து எறிந்தான். வண்டிக் கூரையில் டொக்.

"எந்திரிங்க மச்சான்," என்று பல்லைக் கடித்தான். அடுத்த கல். டொக். "ஐயோ, செத்தாத்தான் எந்திரிப்பாரு போல!"

"அந்தக் குரங்கு நீதானாடா?"

மைக் திரும்பினான். முகத்தில் ரத்தமில்லை.

"நீங்க இங்க என்ன பண்றீங்க? அப்ப ஹாரன்ல யாரு?"

அப்போதுதான் டிரைவர் ஓடையைப் பார்த்தான். தண்ணீர் செம்மண் நிறத்தில் சருகைப் புரட்டிக்கொண்டு வந்தது.

பேச நேரமில்லை. மைக் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே அருவிப்பக்கம் சறுக்கினான். டிரைவர் முள்ளையும் புதரையும் மிதித்துக்கொண்டு வண்டிக்குப் பாய்ந்து, கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே கையை விட்டு ஹாரனை அமுக்கினான். எடுக்கவில்லை. கீழே விசில் கேட்டது. விடாமல் கேட்டது. கடைசி ஆளின் காலை நனைத்துக்கொண்டு வெள்ளம் வந்தது. துண்டுகளும் ஒரு சோப்புப் பெட்டியும் போயின, ஆள் போகவில்லை.

திரும்பும்போது மைக் மைக்கைத் தொடவில்லை. டிரைவர்தான் பேச்செடுத்தான்.

"என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? வண்டி உங்களுது. பொண்டாட்டிக்கு அண்ணன் வேற. தூங்குறீங்கன்னு சொன்னா, வண்டியவிட்டு எறங்குடான்னு சொல்ல மாட்டீங்க?"

சொல்லியிருப்பான். டிரைவர் கியரை மாற்றினான்.

வீட்டுக்கு வந்து உடை மாற்றியதும் போன் அடித்தது. டிரைவரின் மனைவி அவன் கழற்றிப் போட்ட பேண்டை மடியில் வைத்து ஒட்டுப்புல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காதெல்லாம் போனில்தான்.

"பாத்தியாண்ணே?"

"பாத்தேன். தண்ணி பாக்கத்தான்மா மேல போறான். வேற ஒண்ணுமில்ல."

"தண்ணி பாக்கத்தான் நீ இருக்கியே?"

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"ஆம்பளைங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு எனக்கு காது குத்துறீங்களா? துணியெல்லாம் எடுத்து வெச்சாச்சு. இதோ கெளம்புறேன்."

"இரும்மா, இரு." டிரைவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். "நான் தூங்கிடுறேன். அது தெரிஞ்சுதான் அவன் மேல நின்னு காவல் காக்கிறான். இன்னைக்கு உன் பேச்சக் கேட்டு அவன் பின்னால போனதுல, ஒரு வண்டி சனத்த வாரிக் குடுத்திருப்பேன். போதுமா?"

அந்தப் பக்கம் பெட்டியின் பூட்டு திறக்கிற க்ளிக் கேட்டது. இவன் மூச்சு விட்டான்.

பிறகு தங்கச்சி மெதுவாகக் கேட்டாள்.

"ஏண்ணே, வண்டி நிக்கும்போது மட்டுந்தான தூங்குற?"

ஒட்டுப்புல் பொறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் கை அப்படியே நின்றது.