சாமியறைத் துவக்கு

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள போம் அன்டன். உமக்குத்தானே துடக்கில்லை" என்று சாமியறைக் கதவைத் திறந்துவிட்ட ஆனந்தராசா, தான் மட்டும் வாசலுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

சாவு நடந்த வீட்டில் குடும்பத்தார் சாமியறைக்குள் கால் வைக்கக் கூடாது. வேதக்காரனான அன்டனுக்கு அந்த வில்லங்கம் இல்லை. நாளை தகனமாகப் போகிற சிவநேசத்தின் ரிவோல்வர் உள்ளே இருந்தது. அதை எடுத்துவர, அவன் மாதாவை நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு பிள்ளையாருக்கு முன்னால் குனிந்தான். கூடத்தில் இருந்த பாரிஜாதத்துக்கு அந்த வேளையிலும் சிரிப்பு வந்துவிட்டது. புருசனைப் பறிகொடுத்தவள் சிரித்தால் சனம் சும்மா விடுமா? சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிவநேசத்தின் தொழிலே சனத்துக்குச் சிரிப்புத்தான். வெடிச்சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு ஓடிவந்த மனுசன், புவாண்ட்-கிளேரில் ஓர் ஏலக் கடையில் பழைய கைத்துப்பாக்கிகளுக்கு விலை மதித்துச் சம்பளம் வாங்கினார். குழாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார், பாகங்களில் பொறித்த இலக்கங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார், முகர்ந்துகூடப் பார்ப்பார். அங்கே அன்டனுக்குப் பக்கத்து மேசை. இந்த ரிவோல்வர் ஆயிரத்து எண்ணூறுகளில் செய்தது. அவ்வளவு பழசுக்கு லைசென்ஸ் தேவையில்லை. கைத்துப்பாக்கிகள் கைமாறுவதை அரசாங்கம் நிறுத்திய பிறகு, இப்படிப்பட்ட பழசுகளுக்கு விலை எகிறிப்போயிருந்தது. சிவநேசம் அதை வாங்கிய புதிதில், ஒரு கார் விலை தருகிறேன் என்று ஓர் அமெரிக்கன் கெஞ்சியதை அண்ணன் ஆனந்தராசா கண்ணால் கண்டவர். அன்றிலிருந்து அதை விற்கச் சொல்லி அவர் கேட்காத நாளில்லை. தம்பியோ அதைக் காட்டவே மாட்டார்.

"உவ்வளவு பெறுமதியான சாமானை வைச்சுக்கொண்டு பாரி இஞ்ச தனிய இருக்கேலாது. பஸ்ஸும் ஒழுங்கா வராத தீவு இந்த இல்-பிசார். வித்துப்போடுவம்" என்றார் ஆனந்தராசா.

"ஓம் அம்மா, பெரியப்பா சொல்றது சரிதான்" என்றாள் மகள் நிருஷா.

சிவநேசத்தின் உடுப்புகளைக் கொடுக்கலாம், காரைக் கொடுக்கலாம். இதைக் கொடுக்கப் பாரிஜாதத்துக்கு மனமில்லை. கடவுளே, அன்டன் இதற்கு விலையே இல்லை என்று சொல்லிவிட மாட்டானா?

அன்டன் அது சுற்றியிருந்த பட்டுத் துணியை வெளியே கொண்டுவந்து மேசையில் விரித்தான். ரிவோல்வர் கலியாண வீட்டுச் செம்புபோலப் பளபளத்தது. குழாயில் சந்தனமும் குங்குமமும் வேறு.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அன்டன், "இதுக்கு விலை இல்லை அண்ணை" என்றான்.

"என்னப்பா விசர்க் கதை கதைக்கிறீர்?"

"பழைய துவக்குக்கு விலையே அதின்ரை நீலப் பூச்சுத்தான். கறுத்து, ஊத்தை பிடிச்சுக் கிடந்தாலும் பரவாயில்லை, தொடப்படாது. இதை ஆரோ உரஞ்சு உரஞ்செண்டு உரஞ்சி, பேர்கூட அழிஞ்சு போச்சு. இனி ஆர் வாங்குவான்?"

எல்லாருடைய பார்வையும் பாரிஜாதத்தின் பக்கம் திரும்பியது.

"ஆயுத பூசைக்கு வேறை என்னத்தை வைக்கிறது? இந்த வீட்டிலை இருந்த ஆயுதம் அது ஒண்டுதானே" என்றாள் அவள். "குத்துவிளக்கோடை சேர்த்துப் பழப்புளி போட்டு மினுக்கினனான்."

"ஐயோ, ஒரு காரைப் புளி போட்டுக் கழுவிப்போட்டாளே!" என்று ஆனந்தராசா தலையில் கை வைத்துக் கதிரையில் விழுந்தார். முதலில் நிருஷாதான் குபீரென்று சிரித்தாள். பிறகு சோறு கொண்டுவந்திருந்த அயலட்டைச் சனமெல்லாம் சிரித்தது. பாரிஜாதத்துக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இனி ஒருவரும் அதைக் கேட்க மாட்டார்கள். அப்போதுதான் அவளுக்குத் திக்கென்றது.

"அன்டன், அப்ப அவருக்குத் தெரியாதே, நான் பழுதாக்கிறது?"

"தெரியாமலோ அக்கா? ஒவ்வொரு வருசமும் பூசை முடிஞ்சு வேலைக்கு வந்தா, 'இந்த முறையும் அரைவாசி போச்சடா' எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். 'நேசண்ணை, மனிசியிட்டைச் சொல்லுங்கோவன்' எண்டு நான் பேசினனான்."

"அதுக்கு என்ன சொன்னவர்?"

அன்டன் ஆனந்தராசாவை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "'அவ ஒருநாளும் பாடாத மனிசி. உதை மினுக்கேக்க மட்டும் தன்னை அறியாமல் ஒரு பழைய பாட்டுப் பாடுவா. நான் பேப்பர் பாக்கிற மாதிரிப் பக்கத்திலை இருப்பன். விலையைச் சொன்னனெண்டா அவ பேந்து அதைத் தொடமாட்டா' எண்டவர்."

கலியாணம் முடித்த புதிதில்கூட அவளுக்கு முகம் இப்படிச் சூடாகியதில்லை. கீழே போட்டுவிடுவேன் என்று பயந்தல்லவா மனுசன் காவல் இருக்கிறார் என்று அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்!

"கள்ளன்" என்றாள். "சரியான கள்ளன்." அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவளுக்குப் புரைக்கேறியது. நிருஷா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மறுநாள் மண்டபத்தில் கிரியை முடிந்தது. வாய்க்கரிசியும் போட்டாயிற்று. பெட்டியை மூட வந்த மண்டபத்து வெள்ளைக்காரப் பெண் மூடியில் கை வைத்தபோது, பாரிஜாதம் சால்வையைச் சரிசெய்பவள்போலக் குனிந்து, சிவநேசத்தின் காதோரம் வாயைக் கொண்டுபோனாள். தேவாரம் சொல்கிறாள் என்று நினைத்துப் பின்னால் நின்றவர்கள் கைகூப்பினார்கள்.

"மதாம்..." என்று அந்தப் பெண் மெல்லக் கூப்பிட்டாள்.

பாரிஜாதம் நிமிரவில்லை. அந்தப் பழைய பாட்டில் இன்னும் ஓர் அடி மிச்சமிருந்தது.