தகப்பனின் தொழில்

தொண்ணூறில் முல்லைத்தீவை விட்டுப் போன முஸ்லிம் குடும்பங்களின் வரலாற்றைத் தண்ணீரூற்றுப் பள்ளிவாசல் புத்தகமாகப் போடப்போவதாகக் கேள்விப்பட்டதும், மஸாஹிர் தன் வாப்பாவின் பிறப்புப் பதிவைத் தேடி வவுனியாவில் விண்ணப்பம் கொடுத்தார். வாப்பா பிறந்தது வவுனியாவுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். அதற்குமேல் அவர் எதையும் சொன்னதில்லை. முல்லைத்தீவில் பிடவைக்கடை வைத்திருந்தவர், இடம்பெயர்ந்து புத்தளத்தில் மௌத்தாகும்வரை, தன் தகப்பனைப் பற்றி யார் கேட்டாலும் "அவரும் யாவாரந்தான்" என்று எழும்பிப் போய்விடுவார்.

மூன்று மாதம் கழித்துப் பதிவுக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த யதுர்ஷிகா என்ற பெண் 1938ஆம் ஆண்டுப் பதிவுப் பக்கத்தின் பிரதியை நீட்டினாள். தகப்பனின் தொழில் என்ற கட்டத்தில் மை மங்கியிருந்தது.

"இதில என்ன பிள்ளை எழுதிக் கிடக்கு?"

அவள் குனிந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நாவிதர் எண்டு கிடக்கு, ஐயா."

நாவிதன் என்றுதான் எழுதியிருந்தது. அவருக்காக மாற்றி வாசித்தாள் என்பது பிறகுதான் விளங்கியது.

வெளியே வந்து புத்தளத்தில் இருக்கும் மூத்த சகோதரி ஜொஹறா ராத்தாவுக்கு அழைத்தார்.

"ஓம், எனக்குத் தெரியும். ஒஸ்தா. தலைமயிர் வெட்டுறது, பொடியளுக்குச் சுன்னத்துச் செய்யிறது. உம்மா கடைசி நாளில சொன்னவா."

"எனக்கேன் சொல்லேல்ல?"

"சொல்லி? ஒஸ்தா மகனுக்கு அந்த நாளையில ஆர் பெண் குடுத்தது? வாப்பா பதினைஞ்சு வயசில வெளிக்கிட்டவர், திரும்பிப் போகேல்ல. அந்த ஒஸ்தா மனிசன் சில வெள்ளிக்கிழமையளில பஸ் ஏறிக் கடைக்கு வருவாராம். வாசல்ல நிண்டு பாப்பாராம். வாப்பா, 'என்ன வேணும்?' எண்டு பிற ஆக்களைக் கேக்கிற மாதிரிக் கேப்பாராம். ஒண்டும் வேணாமெண்டு போயிடுவாராம். தம்பி, புத்தகத்தில யாவாரம் எண்டே போடு."

மஸாஹிர் அப்படிப் போடவில்லை. தண்ணீரூற்றுப் பள்ளிவாசல் செயலாளர் றம்சீன் அவர் எழுதிக் கொடுத்த தாளை வாசித்துவிட்டு, "காக்கா, ஒஸ்தா எண்டே போடவோ?" என்று தயங்கினான்.

"போடுங்கோ."

அன்றைக்கே ராத்தாவுக்குச் சொன்னார். ராத்தா கோபிக்கவில்லை. வாப்பாவின் ஊரைப் பார்க்கப் போகிறேன் என்றதும், "நானும் வாறன்" என்றார்.

அடுத்த கிழமை இருவரும் அந்தக் கிராமத்துப் பள்ளிவாசலுக்குப் போனார்கள். முற்றத்தில் கதிரை போட்டிருந்த ஒரு முதியவர், பாட்டனின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"எங்கட ஒஸ்தாவோ? எனக்குச் சுன்னத்துச் செய்ததே அவர்தான். பாவம், மனிசி செத்தாப்பிறகு தனியத்தான் இருந்தவர். ஆனா மகன் நல்லாப் பாத்தவன்."

"மகனோ?" என்றார் மஸாஹிர்.

"முல்லைத்தீவில பெரிய கடை. இவர் போனா உள்ளுக்குக் கூட்டிக்கொண்டுபோய் இருத்திப் பகல்சோறு குடுப்பானாம். தன்ர கையால சாரம் எடுத்துக் குடுத்துத்தான் பஸ் ஏத்துவானாம். ஒவ்வொருக்காலும் வந்து எங்களுக்குச் சொல்லுவார், கேட்டுக் கேட்டு எங்களுக்கும் பாடம். நீங்கள் அவனைத் தெரிஞ்ச ஆக்களோ?"

ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஓம். அவர் எங்கட வாப்பா," என்றார். "அப்பிடித்தான் பாத்தவர்."

முதியவர் சந்தோசத்தோடு எழுந்து அவர்களை மையவாடிக்குக் கூட்டிப்போனார். பாலை மரத்தின் கீழே, தலைமாட்டில் மீசான் கட்டைகூட இல்லாத ஒஸ்தாவின் அடக்கத்தலத்தைக் காட்டிவிட்டு விலகி நின்றார். இருவரும் ஓதினார்கள். ராத்தா மண்ணில் குந்தி, உதிர்ந்த இலைகளைக் கையால் ஒதுக்கினார்.

"ஒருக்காலாவது உள்ளுக்கு வாங்கோ எண்டு சொல்லியிருக்கலாம், வாப்பா," என்றார், புத்தளத்தில் அடங்கிக் கிடக்கும் மனிதருக்குக் கேட்கிற மாதிரி.