துரும்பு முறித்த காலை

மாமனார் தெருவைத் தாண்டி இந்தப் பக்கம் வரவேயில்லை. எதிர்வீட்டுச் சுவரோரம், வரிசையாக நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நின்றபடி, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். லீனா ஒரு சொம்புத் தண்ணீரோடு போய் அவர் முன் நின்றாள்.

"குடிங்க மாமா. எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க."

அவர் சொம்பைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஊர்ப் பெரியதனக்காரரைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். லீனா சொம்பை அப்படியே திருப்பி எடுத்து வந்தாள்.

ஒன்பது வருடமாக இதுதான். பீன்யா தொழிற்பேட்டையின் முலாம் பூசும் பட்டறையில் வேலை பார்த்த கவியரசனும், அதே ரோட்டில் தையல் கம்பெனியில் மெஷின் ஓட்டிய லீனாவும் ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட அன்றே, அவன் ஊரான சாமக்காடு அவனைத் தள்ளி வைத்துவிட்டது. வேற்றுச் சாதி, அதிலும் சர்ச்சுக்குப் போகிறவள். சாமக்காடு மலைமேல் இருக்கிற ஊர். திருப்பத்தூரில் பஸ் மாறி, அடிவாரத்தில் ஜீப் பிடித்து, ஜீப்பும் நின்றுபோகிற இடத்திலிருந்து மூன்று மணி நேரம் ஏற வேண்டும். தாயார் இறந்தபோது கவியரசன் தனியாகத்தான் போனான். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். தூரத்தில் ஆட்கள் குழியைச் சுற்றிக் குனிவதும் நிமிர்வதும் தெரிந்ததாம். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டான்.

சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய் எட்டு மாதம் படுத்திருந்தான். கடைசி வாரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்று.

"உசுரோட வுடல. செத்தாவது எங்கம்மா பக்கத்துல கொண்டுபோய் வெச்சிடு லீனா."

"வெக்கிறேன்" என்று சொல்லியிருந்தாள்.

அதனால்தான் ஆஸ்பத்திரியிலிருந்தே கொழுந்தன் முனிகிருஷ்ணனுக்குப் போன் செய்தாள். அவன் அப்பாவையும் பெரியதனக்காரரையும் இன்னும் நான்கு ஆட்களையும் அழைத்து வந்துவிட்டான். வந்தவர்கள் பெட்டியைத் தொடவில்லை.

பெரியதனக்காரர் கெட்டவராகத் தெரியவில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"ஜீப்பு பள்ளத்தோட நின்னுடும்மா. அதுக்கு மேல கம்புல கட்டித்தான் தூக்கணும். ஏத்தம். மாத்தி மாத்தித் தூக்க எட்டு ஆளு வேணும். ஊரு சரின்னு சொல்லாம ஒருத்தனும் தோள் குடுக்க மாட்டான்."

"ஊரு என்ன சொல்லுது?"

"துரும்பு கிள்ளிடு. இவன் எனக்குப் புருசன் இல்ல, நான் இவனுக்குப் பொண்டாட்டி இல்லன்னு ஒரு வார்த்த சொல்லி, ஒரு துரும்ப ரெண்டா முறிச்சிப் போட்டுடு. தீந்துது. அப்புறம் அவன் எங்க புள்ள."

லீனாவின் அண்ணன் ஷெர்வின் பாய்ந்து வந்தான். "செத்தவனுக்கு டைவர்ஸா? எட்டு மாசம் மூத்திரமும் பீயும் அள்ளிப் போட்டவ இவ. அப்போ எங்கய்யா போயிருந்தீங்க? வேணாம் லீனா. இங்கயே அடக்கம் பண்ணிடலாம். எல்லாம் நான் பாத்துக்கறேன்."

லீனா மாமனாரைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க மாமா. நான் என்ன பண்ணட்டும்?"

அவர் வந்ததிலிருந்து அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அவங்க ஆத்தா பக்கத்துல குழி வெட்டிட்டாங்கம்மா."



லீனா உள்ளே போனாள். பீன்யா சந்தில் வைக்கோலுக்கு எங்கே போவது? கதவிடுக்கில் சாத்தியிருந்த துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவினாள். கட்டிலில் மகள் அனன்யா உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது.

"மம்மி, அப்பாவ மலைக்குக் கூட்டிட்டுப் போறாங்களா? வீட்டுக்குள்ள மேகம் வருமே, அந்த ஊருக்கா?"

"ஆமாம்மா."

"நாமளும் போலாமா?"

லீனா குழந்தையின் தலையைத் தடவிவிட்டு வெளியே வந்தாள்.

தெருவே கூடியிருந்தது. பெட்டியின் கண்ணாடியில் நீர் கோத்திருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்து அவன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஈர்க்கை இரு கையாலும் பிடித்து வளைத்தாள். வளைந்ததே தவிர முறியவில்லை. திருகினாள். நாராகப் பிரிந்து தொங்கியது. கடைசியில் பல்லால் கடித்து அறுக்க வேண்டியிருந்தது.

"இவரு எனக்குப் புருஷன் இல்ல. நான்..."

"கொஞ்சம் சத்தமா சொல்லும்மா. நாலு பேருக்குக் கேக்கணும்."

சத்தமாகச் சொன்னாள். வீட்டுக்காரக் கன்னடத்தம்மா "அய்யோ தேவரே" என்று கடவுளைக் கூப்பிட்டபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன்பிறகுதான் அவர்கள் தெருவைத் தாண்டி வந்தார்கள். மாமனார் பெட்டிமேல் விழுந்து கதறினார். ஆம்புலன்சில் ஏற்றும்போது லீனா மட்டும் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நானும் வரேன். மேல வரல. அந்த எல்லைக்கல்லுக்கு இப்பாலயே நின்னுக்கறேன்."

பெரியதனக்காரர் அவளைப் பரிதாபமாகத்தான் பார்த்தார். "யாருன்னு சொல்லிம்மா உன்னக் கூட்டிட்டுப் போறது?"

அவள் கையை எடுத்துவிட்டாள். வண்டி சந்தைக் கடந்து மெயின் ரோட்டில் திரும்பியது.

மறுநாள் சாயங்காலம் முனிகிருஷ்ணன் போன் செய்தான். சிக்னல் கிடைக்கும் பாறைவரை இறங்கி வந்து பேசுவதாகச் சொன்னான்.

"நல்லபடியா வெச்சிட்டோம் அண்ணி. ஆத்தா பக்கத்துலயேதான்."

"மண்ணு போடறதுக்கு முன்னாடி மூஞ்சிய மூடினீங்களா?"

"மூடினோம்."

அவன் போனை வைக்கவில்லை.

"என்ன முனி?"

"வேற யாரும் சொல்லி நீங்க கேக்கக் கூடாது அண்ணி. கல்யாணம் ஆவாதவன அப்படியே பொதைக்கக் கூடாதாம். ஊருக்கு ஆவாதாம். ஒரு எருக்கஞ்செடிய வெட்டியாந்து அண்ணன் பக்கத்துல வெச்சி, அண்ணன் கையால மஞ்சக் கயிறு கட்ட வெச்சாங்க. கை வெறச்சிப் போயிருந்துச்சி. அப்பாதான் விரலப் பிரிச்சிப் புடிச்சிக் கட்டினாரு."

லீனா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எட்டு மாதத்தில் அந்தக் கையை அவள் எத்தனை முறை பிடித்துக்கொண்டிருந்தாள்! ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போன கை. ராத்திரி பகல் என்று பாராமல் அவள் ஒத்தடம் கொடுத்த கை. ஒன்பது வருடம் அவள் அழுதிராத அழுகையெல்லாம் அப்போது வந்தது. அனன்யா பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

பத்து நாள் கழித்து இறப்புச் சான்றிதழுக்காக ஆபீசுக்குப் போனாள். அனன்யாவும் கூட வந்திருந்தாள். ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா, ஆஸ்பத்திரி காகிதத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தார். பெயர், வயது, அப்பா பெயர். ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"மதுவே ஆகித்தா?" என்றார். அவள் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "கல்யாணம் ஆயிருந்துச்சா?"

"ஆயிருந்துச்சு சார். ரெண்டு தடவ."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணு என்னோட, ரெஜிஸ்டர் ஆபீஸ்ல. இன்னொண்ணு செத்த மறுநாள் ஒரு செடியோட, அவங்க ஊர்ல." குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என் பேரை எழுதுங்க சார். லீனா."