யாருக்கு மாத்திரை

டம்ளர் சுவரில் மோதிக் கீழே விழுந்து, உருண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் நின்றது. சுவரில் டீ கோடு கோடாக வழிந்தது. எறிந்தவர் வெல்டர். டீ ஆறிப்போயிருந்ததாம். எறிந்த கையோடு செருப்பைத் தேடப் போய்விட்டார்.

"ஏங்க எறியறீங்க? சொன்னா சூடு பண்ணித் தர மாட்டேனா?" என்றாள் மனைவி. குரல் கொஞ்சம் நடுங்கிற்று. அவ்வளவுதான்.

வெல்டர் திரும்பிப் பார்த்தார். "மாத்திரை போட்டியா?"

அந்த வீட்டில் எந்தப் பேச்சும் கடைசியில் இங்கேதான் வந்து முட்டி நிற்கும். குழாய் ஒழுகுகிறது என்று அவள் சொன்னால், மாத்திரை போட்டியா. உங்கள் சிநேகிதர் பேசினது எனக்குப் பிடிக்கவில்லை என்றால், மாத்திரை போட்டியா. அழுதால் வெல்டரும் அவர் அக்காவும் கேட்பார்கள், அதையாவது ஒத்துக்கொள்ளலாம். சிரித்தாலும் கேட்பார்கள். ஒரு நாள் டிவியில் எதையோ பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டு, யாராவது கேட்பதற்குள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நோய் பொய் இல்லை. சில நாள் மனசு பிரேக் இல்லாத வண்டி மாதிரி ஓடும். விடிவதற்கு முன்னாலேயே இருக்கிற பாத்திரத்தையெல்லாம் இறக்கிப் போட்டுத் தேய்ப்பாள். தெருவில் போகிறவர்களை நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். சில நாள் எழுந்து பல் விளக்குவதே மலையாகத் தெரியும். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு வேளை விடாமல் போடுகிறாள். மாத்திரை பாதிச் சுமையைத் தூக்கும். மீதியை மனுஷர்கள்தான் தூக்க வேண்டும். அந்த மீதிக்குத்தான் வீட்டில் ஆள் இல்லை.

போன வாரம் எழ முடியாத நாள் ஒன்று வந்தது. மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வர அவள் போகவில்லை. இருட்டும்வரை காவலாளிதான் பிள்ளையைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை அக்கா வருது," என்றார் வெல்டர், செருப்பை மாட்டிக்கொண்டே. "பாப்பா இனிமே அக்கா வீட்லதான் இருக்கும். துணியெல்லாம் பையில எடுத்து வை."

"நான் அவளுக்கு அம்மாங்க."

"அதான் பயமா இருக்கு."

அவள் வேலை பார்ப்பது ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்பும் லாண்டரியில். ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து, உதறி, எதிரெதிராக நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒருத்தி ஓடி ஒருத்தி நடந்தால் துணி கோணிப்போகும். அவளுக்கு எதிர்முனை பிடிப்பவள் குண்டக்கா. அந்தப் பெயரைத் தனக்குத் தானே வைத்துக்கொண்டவள். வேறு எவளும் சொல்லி ருசி காண இடம் வைக்கவில்லை.

அன்றைக்கு அவள் கை பறந்தது. விரிப்பு குண்டக்கா பிடியிலிருந்து உருவிக்கொண்டு போனது.

"மெதுவாடி. விட்டா என்னையும் சேத்து மடிச்சுருவ போல. மடிச்சாலும் எந்த அலமாரியிலயும் அடங்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணீர் வந்தது. குண்டக்கா அடுத்த விரிப்பை எடுத்து ஒரு பக்கத்தை அவள் கையில் கொடுத்தாள்.

"என்னடி ஆச்சு?"

சொன்னாள். டம்ளர், பை, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கேட்டுக்கொண்டே குண்டக்கா மடித்தாள். முதலில் அவள் வேகத்துக்கு ஏறி வந்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கையைத் தணித்தாள். கூடவே அவள் கையும் தணிந்தது. இந்த வித்தையைக் குண்டக்காவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. துணி கோணக் கூடாது என்கிற கவலைதான்.

"அவங்க ரெண்டு பேருகிட்டயும் பேசு," என்றாள்.

"பேசினா அழுகை வருதுக்கா. அழுதா கதை முடிஞ்சுது."

"வந்தா அழுதுகிட்டே பேசு. அழுகைக்குப் பயந்து பேச்சை விட்றாத."

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். கெட்டவள் இல்லை. தம்பி மகள்மேல் உயிரை வைத்திருந்தாள், தம்பிமேல் அதைவிட. கதவோரம் பாப்பாவின் பை ஜிப் மூடித் தயாராக இருந்தது. பாப்பா அதன்மேல் உட்கார்ந்து, காலை ஆட்டாமல் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது.

வெல்டருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, அவள் நாத்தனாருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணி, அன்னைக்கு நான் போகாதது தப்புதான். இல்லேன்னு சொல்லலை." கண் நிறைந்தது. துடைக்காமல் மேலே பேசினாள். "எழுந்திரிக்க முடியாத அன்னைக்கு நான் போன் பண்ணிடறேன். யாராவது போய்ப் பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க. அதுக்காகப் பிள்ளையையே எடுத்துட்டுப் போயிடாதீங்க."

"போன் பண்ணுவாளாம்," என்றார் வெல்டர். "நான் பாதி வேலையில எல்லாத்தையும் போட்டுட்டு ஓடணுமாம்."

"எப்பவாவதுதானேங்க கேக்கறேன்."

தட்டு பறந்தது. சாப்பாடு தரையெல்லாம் சிதறியது. பாப்பா பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டது.

நாத்தனார் எழுந்தாள். யோசித்து எழவில்லை, கால் தானாக எழுந்தது. அடுப்படிக்குப் போய்த் துணியை நனைத்து எடுத்து வந்து மண்டி போட்டுத் துடைக்க ஆரம்பித்தாள். "வேலை அலுப்பு அவனுக்கு. நெருப்புல நிக்கிறவன்."

மனைவி உள்ளே போனாள். சாப்பாட்டுக்குப் பிறகு தான் போட வேண்டிய மாத்திரையைப் பிரித்தாள். ஒரு டம்ளர் தண்ணீரோடு கொண்டுவந்து வெல்டர் முன்னால் வைத்தாள்.

"நீங்க இன்னைக்குப் போட்டீங்களா?"

வெல்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது சிவந்தது. "என்னைப் பைத்தியங்கறியா?"

"என்னைத் தெனம் கேக்கறீங்களே, அப்ப நீங்க என்ன நெனச்சுக் கேப்பீங்க?"

வெல்டர் அக்கா பக்கம் திரும்பினார்.

"அதையேதான் நானும் நெனச்சுக் கேக்கறேன்," என்றாள். கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. குரல் உடையவில்லை.

"பாத்தியா அக்கா, ஆரம்பிச்சுட்டா. இவகூடப் பிள்ளையை விடச் சொல்றியா?"

துடைத்துக்கொண்டிருந்த நாத்தனாரின் கை பாதியில் நின்றிருந்தது. துணியில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள், பிறகு டம்ளர் பக்கத்தில் இருந்த மாத்திரையைப் பார்த்தாள்.

"அப்பா எறிஞ்சப்பவும் நான்தான் தொடச்சேன்," என்றாள், யாரிடம் என்று இல்லாமல். "என் வீட்டுக்காரர் எறிஞ்சப்பவும் நான்தான். எல்லாத்துக்கும் வேலை அலுப்புன்னு நானே ஒரு பேரு வச்சுக்கிட்டேன். அவளும்தான் நாளெல்லாம் லாண்டரியில நிக்கிறா. அவ ஒரு தட்டை எறிஞ்சு நான் பாக்கலையே தம்பி."

அந்த ஈரத்துணியைத் தம்பியின் மடியில் வைத்தாள். "மீதியை நீ தொடை."

வெல்டர் துணியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "உனக்கும் பைத்தியம் பிடிச்சிருச்சா அக்கா?"

"பிடிச்சிருச்சுன்னே வச்சுக்க. பாப்பா, பையை உள்ள கொண்டு வச்சிட்டு வாம்மா." பிறகு நாத்தனார் அவள் பக்கம் திரும்பினாள். "முடியாத அன்னைக்கு எனக்குப் போன் போடு. நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

வெல்டர் எழுந்து வெளியே போய்விட்டார். துணி மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். அடக்காமல், சத்தமாக, வெகுநேரம் அழுதாள். நாத்தனாருக்கு வாய்வரை அந்தப் பழைய கேள்வி வந்தது. அதை விழுங்கிவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அழுகை ஓய்ந்ததும் அவள் கை நீட்டி அந்த மாத்திரையை எடுத்து, அதே தண்ணீரில் விழுங்கினாள். அது அவளுடையதுதான். வேளை கொஞ்சம் தப்பிவிட்டது.