பதினோராம் மாடியில் கனடா

பதினோராம் மாடிக்கு வருவதற்கு முன்னால் போன் செய்ய வேண்டும் என்பது பிரைட்டன் போட்ட சட்டம். லூர்தம்மாள் வந்தபோதெல்லாம் அதை மீறினாள். ஒரே ஒரு நாள் மட்டும் மதித்தாள்.

பிரைட்டன் அவளுக்குத் தம்பி, பதினான்கு வயது இளையவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின் தாராவியில் அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். கல்யாணமாகி நாலாம் வருஷமே புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லை. மாட்டுங்காவில் ஒரு காப்பித்தூள் கடையில் பொட்டலம் போட்டு பில் எழுதும் வேலை. தம்பி, தம்பி பெண்டாட்டி சுஜா, அவர்களுடைய ஒன்பது வயது மகள் அனிஷா. உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த மூன்று பேர்தான்.

பிரைட்டன் ஏசி மெக்கானிக். மூன்று வருஷம் அலைந்து, கனடாவில் ஏதோ ஒரு சின்ன ஊரில் குளிர்பதனக் கிடங்கில் வேலை வாங்கிவிட்டான். மூன்று பேருக்கும் விசா வந்தது. ஜனவரி ஒன்பதாம் தேதி டிக்கெட். அதற்குள் தாராவி அறையைக் காலி செய்துவிட்டு, அவன் ஏசி வேலை பார்த்துவந்த செம்பூர் பில்டிங் ஒன்றில் இரண்டு மாதத்துக்கு வாடகைக்குப் போனான்.

"ரெண்டு மாசத்துக்கு என்னத்துக்குல தனி வீடு? எங்கூட இருக்க வேண்டியதுதான?"

"பழகணும்க்கா. இங்க கதவத் தொறந்து போட்டு, ஊரே வீட்டுக்குள்ள வந்து போயிட்டு இருக்கு. நேரா அங்க போய் இறங்குனா சுஜாவுக்கும் பிள்ளைக்கும் மூச்சு முட்டிரும்."

மூச்சு முட்டிரும் என்றுதான் சொன்னான். அந்த வார்த்தையை லூர்தம்மாள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள்.

முதல் தடவை போனபோது பையில் நெத்திலிக் கருவாடு கொண்டுபோயிருந்தாள். வாசலில் பேட்டரி செல் போட்ட வெள்ளை பெல் ஒன்று ஒட்டியிருந்தது. அழுத்தினால் உள்ளே குயில் மாதிரிக் கூவும். இரண்டு தடவை அழுத்திவிட்டு, பழக்க தோஷத்தில் கதவையும் தட்டினாள்.

"போன் பண்ணிட்டு வரணும்க்கா," என்றான் பிரைட்டன், கதவைத் திறந்த கையோடு.

"பண்ணினா என்ன செய்வ? வாசல்ல ஆரத்தி எடுப்பியா?"

"அங்கல்லாம் சொந்த அம்மைகூட சொல்லாம வரமாட்டா. எடுக்கலன்னா மெசேஜ் போட்டுட்டு இருக்கணும். அவங்க கூப்பிட்ட பெறவுதான் வரணும்."

"அப்ப பெல்லு எதுக்கு மாட்டியிருக்கான்?"

"பீட்சாக்காரனுக்கு மைனி," என்று சுஜா அடுப்படியிலிருந்து சொல்லிச் சிரித்தாள். "உங்க தம்பிக்கு முத்திப்போச்சு. கருவாட்ட அப்படியே கட்டி வைங்க. இந்த வீட்டுல பொரிக்கக் கூடாதாம். அங்க போலீசு வந்துருமாம்."

"போலீசு இல்ல, புகைக்கு அலாரம் அடிக்கும்," என்றான் பிரைட்டன் சீரியஸாக.

வீடு ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது. ஏசியைப் பதினாறில் வைத்திருந்தான். சன்னல்களையெல்லாம் அடைத்து, இடுக்குகளில் ஃபோம் பட்டை ஒட்டியிருந்தான். குளிர்பதனக் கிடங்கை அடைக்கப் போகிறவன் கை. எறும்பு நுழைய இடமில்லை. அனிஷா ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். வெளியே நவம்பர் வெயில் கொளுத்தியது.

"ஏல, கனடாவுக்கு நீ போறியா, இல்ல கனடா உன் வீட்டுக்கு வருதா?"

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டைச் சுற்றிக் காட்டினான். குளியலறையில், ஷவருக்குப் பக்கத்துச் சுவரில், தாராவி வீட்டிலிருந்த கேஸ் கீசர் தொங்கியது. அங்கே அது வாசலுக்கு வெளியே, பாத்திரம் கழுவும் மோரிக்கு மேலே, நாலு பேர் நடமாடும் சந்தில் தொங்கிக் கொண்டிருந்தது. ஆறு வருஷம் ஒரு குறையும் வைக்கவில்லை. இந்தக் கட்டிடத்தில் வெளியே மாட்ட இடம் கிடையாது. இரண்டு மாதத்துக்காகப் புது கரண்ட் கீசர் எதற்கு என்று அதையே உள்ளே மாட்டிவிட்டான். மேலே கண்ணாடிச் சட்டம் அடுக்கிய சின்ன சன்னல். அதன் வழியாகக் குளிர் வெளியே போகிறதென்று, தெர்மாகோல் அட்டையை அளவெடுத்து வெட்டி, சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தான்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க," என்றாள் லூர்தம்மாள். அவனுடைய கைவேலையைப் பார்த்தால் அவளுக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு.

டிசம்பர் பிறந்ததும் அனிஷாவுக்குத் தலைவலி தொடங்கியது. குளித்துவிட்டு வந்தால் முகம் சிவந்து, கண் சொருகி, சோபாவில் சாய்ந்துகொள்வாள். "தலை துக்குது அத்தை," என்பாள். வலிக்கிறது என்பதற்கு இந்தியையும் தமிழையும் கலந்து அவள் அப்படித்தான் சொல்வாள். சுஜாவுக்கும் இரண்டு நாள் குமட்டல் இருந்தது. விமானம் ஏறும் பயம் என்று அவள் சொன்னாள். ஏசி குளிர் சேரவில்லை என்றான் பிரைட்டன். குளியலறைச் சன்னல் விளிம்பில் சுஜா ஒரு பாட்டிலில் வைத்திருந்த மணி பிளாண்ட் இலை கருகித் தொங்கியது. கீசருக்குள் நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்ததை லூர்தம்மாள் ஒருநாள் கை கழுவும்போது பார்த்தாள். மாதா கோயில் மெழுகுவத்தி மாதிரி இருக்கிறதே என்று நினைத்தாளே தவிர, அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

அவளுக்குத் தோன்றியதெல்லாம் கண்ணேறுதான். சந்து முழுக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். யார் கண் பட்டதோ. அடுத்த வியாழக்கிழமை கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, உப்பும் மிளகாய் வத்தலும் மடித்து எடுத்துக்கொண்டு செம்பூருக்குப் போனாள். பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் திட்டுவார். தெரியவா போகிறது. போன் செய்யவில்லை. பெல்லை அழுத்தினாள், திறக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். பிறகு கதவைத் தட்டிக்கொண்டே, "ஏல பிரைட்டா, தொறல. என்ன ஒறக்கமா?" என்று தாராவிச் சந்தில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

உள்ளே பிரைட்டன் கனடா முதலாளியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான். குயில் கூவியதும், கதவு அதிர்ந்ததும், அக்காவின் குரலும் எல்லாம் அங்கே கேட்டுவிட்டது. அந்த வெள்ளைக்காரர் சிரித்தாராம். ஏதாவது சந்தை நடக்கிறதா என்று கேட்டாராம்.

கதவைத் திறந்தபோது பிரைட்டன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவள் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

"உனக்கு எத்தன தடவ சொல்லுதது? படிச்சவதான நீ? இனிமே போன் எடுக்கலன்னா மேல வராத. பெல்லும் அடிக்காத, கதவயும் தட்டாத. நாங்க கூப்பிடுதோம்."

"பிள்ளைக்குச் சுத்திப் போடலாம்னுதான்..."

"வத்தலக் கொளுத்தி வீடெல்லாம் புகையாக்கவா? அதொண்ணும் வேண்டாம்."

சுஜா பின்னாலிருந்து, "மைனி, உள்ள வாங்க. அவங்க கெடக்காங்க," என்றாள். லூர்தம்மாள் உள்ளே போகவில்லை. வத்தல் பொட்டலத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினாள். பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து சயான் வரைக்கும் அழுதாள். அழுது முடித்ததும், அவன் சொல்வதும் நியாயம்தான் என்று பட்டது. ஊர் மாறுகிறவன் மாறித்தானே ஆக வேண்டும். கூடப் போக முடியாதவள், போகிறவனுக்குத் தொந்தரவாகவாவது இல்லாமல் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுஜாவே போன் செய்தாள். ஆறரை மணி இருக்கும். "மைனி, கோவமா? எட்டரைப் பூசைக்குச் சேர்ந்து போவோம். ஏழரைக்கு வந்துருங்க. அவங்க நெருள்ல ஒரு வேலைக்குப் போயிருக்காங்க, எட்டு எட்டேகாலுக்கு வந்துருவாங்க. நான் பாப்பாவுக்கு எண்ணெய் வச்சிருக்கேன், தலைக்கு ஊத்தணும்."

லூர்தம்மாள் ஆப்பம் சுட்டு, தேங்காய்ப்பால் தனியாகத் தூக்குவாளியில் ஊற்றி எடுத்துக்கொண்டாள். ஏழேகாலுக்கே பில்டிங் கேட்டுக்குப் போய்விட்டாள். கீழே நின்று போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி செய்தாள். எடுக்கவில்லை.

சுஜா வரச் சொல்லியிருந்ததால் மேலே போனாள். வாசலில் இரண்டு ஜோடி செருப்பு. காதை வைத்துக் கேட்டாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். பெல்லுக்கு நேராக விரலைக் கொண்டுபோனாள். வெள்ளைக்காரர் சிரித்தது நினைவுக்கு வந்தது, அவர் சிரிப்பை அவள் கேட்டதே இல்லை என்றாலும். விரலை எடுத்துக்கொண்டாள். கதவைத் தட்டவும் இல்லை.

கீழே வந்து, வாட்ச்மேன் இஜாஸின் நாற்காலிக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, சுஜாவுக்கு வாட்ஸப்பில் குரல் அனுப்பினாள்.

"சுஜா, நான் கீழதான் இருக்கேன். அவசரமில்ல. மெதுவாக் குளிச்சு முடிச்சிட்டு கூப்பிடு."

ஏன் மேலே போகவில்லை மௌசி என்று இஜாஸ் இந்தியில் கேட்டான். அவர்களே கூப்பிடுவார்கள் என்று சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, தனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டதென்று. தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டாள். அதன் சூடு சேலை வழியாகத் தொடையில் இறங்கியது. ஏழே முக்கால். எட்டு. அனுப்பிய குரலுக்குக் கீழே டிக் நீலமாகவில்லை. பெண்பிள்ளைகள் குளிக்க நேரம் ஆகும்தான். தூக்குவாளி ஆறிப்போனது. எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

எட்டேகாலுக்கு பிரைட்டன் டூல் பையோடு வந்து பைக்கை நிறுத்தினான்.

"ஏன்க்கா கீழ இருக்க?"

"போன் எடுக்கல. அதான்."

அவன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு நடந்தான், பிறகு ஓடினான். லிஃப்டில் அவளும் பின்னாலேயே ஏறினாள். அவன் சாவி போட்டுக் கதவைத் திறந்தபோது ஏசி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் விழும் சத்தம் அப்படியே கேட்டது, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கேட்ட அதே சத்தம்.

குளியலறைக் கதவை அவன் தோளால் இடித்துத் திறந்தான். சுஜா சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் தலை அவள் மடியில் இருந்தது. சீயக்காய் நுரை பாதி கழுவப்பட்டிருந்தது. இரண்டு பேர் முகத்திலும் நல்ல ரோஜா நிறம்; தூங்குகிறவர்கள் மாதிரி. பிரைட்டன் முதலில் செய்தது, எக்கி அந்தத் தெர்மாகோலைப் பிய்த்து எறிந்ததுதான். சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஷ்யாமளா ஓடிவந்து ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். இரண்டு பெட்ஷீட் கொண்டுவந்தாள். ஒரு மாதமாக எதிரெதிர் கதவு. அவர்கள் அவளோடு பேசியதே இல்லை.

அடைத்த அறையில் கேஸ் அரைகுறையாக எரிந்து விஷவாயு சேர்ந்துவிட்டது, அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அம்மா முதலில் போயிருக்க வேண்டும் என்றார். பிள்ளையைப் பற்றிக் கேட்டபோது கொஞ்சம் தயங்கி, "ஏழரைக்கு யாராவது திறந்திருந்தால்..." என்று நிறுத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் போலீஸ்காரர் எழுதிக்கொண்டபோது, பிரைட்டன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில், லூர்தம்மாள் சொன்னாள்: "மேல போனேன். ரெண்டு தடவ பெல் அடிச்சேன். உள்ள குயில் சத்தம் கேட்டுச்சு. யாரும் தொறக்கல." அதை இந்தியில் மறுபடி சொல்லச் சொன்னார்கள். மறுபடியும் சொன்னாள். பிரைட்டன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

அடக்கம் முடிந்தபின் அவன் நெருளில் ஒரு கூட்டாளி வீட்டில் தங்கினான். கிறிஸ்மஸ் வந்து போனது. தாராவியில் அவள் வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை. தினமும் கடையில் பில் எழுதும்போது, ஏழேகால் என்றோ ஏழரை என்றோ யாராவது பேச்சுவாக்கில் சொன்னால் பேனா நின்றுவிடும். தம்பி ஒருநாள் கேட்பான் என்று காத்திருந்தாள். கேட்டால் என்ன சொல்வது என்று தயாராகவும் இருந்தாள். அடிச்சேன், சத்தியமா அடிச்சேன். அவ்வளவுதான்.

ஜனவரி ஒன்பதாம் தேதி, விளக்கு வைக்கிற நேரம். அலமாரியில் இருந்த போன் அடித்தது. எடுக்கத் திரும்பியவள் வாசலைப் பார்த்தாள். கதவு எப்போதும்போல விரியத் திறந்து கிடந்தது. திரைச்சீலைக்கு வெளியே சந்தில், மோரிப் பக்கம், பிரைட்டன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். நாலு எட்டு தூரம் இருக்காது. சின்ன வயதிலிருந்து அந்த வாசலில் ஒருநாள்கூட நின்று கேட்டு வந்தவன் இல்லை.

அவள் போனை எடுத்தாள்.

"வரலாமாக்கா?"

"வா," என்றாள் போனில்.

உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். தாடி வளர்ந்திருந்தது. கையில் பெட்டி ஒன்றும் இல்லை. டிக்கெட்டை என்ன செய்தான் என்று அவள் கேட்கவில்லை. சாயா போட்டுக் கொடுத்தாள். பாதி குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தான்.

"சுஜாவோட போன போலீசு திருப்பிக் கொடுத்துட்டான். நீ அனுப்புனதக் கேட்டேன்."

அவசரமில்ல, மெதுவாக் குளிச்சு முடிச்சிட்டு. லூர்தம்மாள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்த பெல்லுல செல்லு கெடையாது."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"நீ வத்தல் கொண்டு வந்தேல்லா, அன்னைக்கு நீ போன ஒடன நான்தான் கழட்டுனேன். யாரு அடிச்சாலும் அது கூவாது."

சந்தில் யாரோ ஒரு பெண் தன் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டு போனாள். அந்தக் குரல் தேய்ந்து மறையும்வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கூவிச்சுன்னு சொன்னேனே, பிரைட்டா."

"ஆமா. சொன்ன."

அவன் அதை ஆறுதலுக்குச் சொன்னானா, வேறு எதற்காவது சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. பெல்தான் கூவாது. கதவு மரக்கதவு. தட்டினால் எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும், ஷ்யாமளா வந்திருப்பாள், இஜாஸ் வந்திருப்பான். அது அவனுக்கும் தெரியும். அதை அவன் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

மீதிச் சாயாவைக் குடித்துவிட்டு அவன் எழுந்தான். வாசலில் நின்று திரும்பி, "நாளைக்கும் வாறேன்க்கா, போன் பண்ணிட்டு," என்றான்.